கார்ட்டர் ஃபோல்ட், ஹில்டன்ஸ், வர்ஜீனியா: சனிக்கிழமை சாயங்காலம் பாத்து போங்க

மொதல்லயே சொல்லிடறேன், அப்பலாச்சியா மலைப்பக்கம் காரை எடுத்துக்கிட்டு கெளம்புற நம்ம ஆளுங்க நெறைய பேரு ஸ்மோக்கி மவுண்டன்ஸ், கேட்லின்பர்க், பிஜன் ஃபோர்ஜ்னு அதே ரவுண்டத்தான் அடிச்சிட்டு திரும்புறாங்க. அங்கருந்து ரெண்டு ரெண்டரை மணி நேரம் வடகிழக்கா போனா வர்ஜீனியா மாநிலத்தோட தென்மேற்கு மூலையில ஸ்காட் கவுண்டினு ஒண்ணு இருக்கு, அதுல கிளிஞ்ச் மலை அடிவாரத்துல ஒரு மரவீடு, ஒரு பழைய மளிகைக்கடை, ஒரு பெரிய கொட்டகை மூணும் பக்கத்து பக்கத்துல நிக்குது, இந்த எடத்துக்குத்தான் கார்ட்டர் ஃபோல்ட்னு பேரு. அமெரிக்காவோட கன்ட்ரி மியூசிக், அதாவது அந்த ஊரு கிராமத்துப் பாட்டு வகை, எங்கருந்து வந்துச்சுன்னு கேட்டா கையைக் காட்டற இடங்கள்ல இது ஒண்ணு. எனக்கு அஞ்சுக்கு அஞ்சு, யோசிக்காம குடுப்பேன்.

ஆனா நான் மொதல் தடவை போனப்ப ஏமாந்துதான் வந்தேன், அதை சொல்லிட்டு மேல போறேன். ஒரு டூர் வேன்காரங்க கிட்ட காசு கட்டிப் போனோம், பாரம்பரிய வீடுகளைப் பாக்கலாம், உள்ள போகலாம்னு விளம்பரத்துல போட்டிருந்தாங்க, கூட்டிட்டுப் போனதோ ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம். ரோட்டோரமா வேனை நிறுத்தி, அதோ அதுதான் வீடு, இதோ இதுதான் கடைன்னு கண்ணாடி வழியாவே காட்டிட்டு பத்தே நிமிஷத்துல வண்டியை எடுத்துட்டாங்க. கதவெல்லாம் பூட்டு. இந்த இடம் சனிக்கிழமை சாயங்காலந்தான் உயிரோட இருக்கும், அது அவங்களுக்குத் தெரியாம இருக்க வாய்ப்பே இல்ல, தெரிஞ்சும் கூட்டிட்டுப் போயிருக்காங்க. எனக்கு ரொம்ப ஆத்திரம். அதனால தயவு செஞ்சு யாரும் டூர்ல எல்லாம் போகாதீங்க, சொந்தமா கார்ல போங்க, சனிக்கிழமை பாத்து போங்க. கொட்டகையில கச்சேரி ஏழரைக்கு, பழைய கடையில இருக்கற மியூசியம் அதுக்கு முன்னாடியே சாயங்காலம் தொறந்துடுவாங்க, ஆறு மணிக்கெல்லாம் அங்க நின்னீங்கன்னா நிதானமா எல்லாத்தையும் பாக்கலாம்.

ரெண்டாவது தடவை அப்படித்தான் போனோம், நான், வீட்டுக்காரர், ஒம்பது வயசு பொண்ணு. பிரிஸ்டல்ல இருந்து அரை மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூட ஆகும். ஹில்டன்ஸ்ங்கற சின்ன ஊருல திரும்பி ஏ.பி. கார்ட்டர் ஹைவேன்னு ஒரு ரோடு, பேருதான் ஹைவே, எதுத்தாப்ல ட்ராக்டர் வந்தா நாமதான் ஓரம் கட்டணும். இந்தப் பள்ளத்தாக்குக்குப் பேரே புவர் வேலி, அதாவது ஏழைப் பள்ளத்தாக்கு. ஒரு பக்கம் முழுக்க கிளிஞ்ச் மலை சுவர் மாதிரி கூடவே வருது, முடியறதே இல்ல. போன் சிக்னலை நம்பாதீங்க, மேப்பை முன்னாடியே டவுன்லோட் பண்ணி வச்சுக்கங்க.

மொதல்ல அந்த மரவீடு. கார்ட்டர் ஃபேமிலிங்கற பழைய கன்ட்ரி பாட்டுக் குழுவைச் சேந்த ஏ.பி. கார்ட்டர் 1891ல பொறந்த வீடு இது. இது இப்ப இருக்கற எடத்துல இருந்தது இல்ல, மலை இடுக்குல வேற பள்ளத்தாக்குல இருந்ததை எடுத்துட்டு வந்து இங்க கடைக்குப் பக்கத்துல வச்சிருக்காங்க. முழு முழு மரத்தை செதுக்கி ஒண்ணு மேல ஒண்ணா அடுக்கி, மூலையில ஒண்ணுக்குள்ள ஒண்ணு கவ்வுற மாதிரி வெட்டி, நடுவுல இருக்கற இடுக்கையெல்லாம் பூசி அடைச்சிருக்காங்க. என் பொண்ணு அந்த சந்துல விரலை வச்சு தடவிக்கிட்டே வீட்டை ஒரு சுத்து சுத்தி வந்தா, மரத்துல கோடாலி பட்ட தழும்பு ஒவ்வொண்ணும் கைக்குத் தட்டுப்படுது, ஒரு சாண் ரெண்டு சாண் இடைவெளியில வரிசையா. உள்ள போனா ஒரே ஒரு ரூமு, மேல பரண். அவ்வளவுதான் வீடு. ஒரு குடும்பம் மொத்தமும் இதுக்குள்ளதான் பொழங்கியிருக்கு. நான் அந்த ரூமு நடுவுல நின்னு ரெண்டு பக்கமும் பாத்தேன், எங்க ஹாலை விட சின்னது. மாளிகை மாளிகையா பாத்து சலிச்சுப்போனவங்களுக்கு இதுதான் நெஜமான மலைநாட்டு வீடு, கண்டிப்பா பாருங்க.

இப்ப இந்த மனுஷனைப் பத்தி கொஞ்சம் சொல்லணும், இல்லன்னா அந்த வீட்டைப் பாத்து ஒண்ணும் புரியாது. ஏ.பி. கார்ட்டர் பழமரக் கன்னு வித்துக்கிட்டு ஊர் ஊரா நடந்தவரு. அப்படி மலைக்கு அந்தப் பக்கம் காப்பர் க்ரீக்ங்கற எடத்துக்கு கன்னு விக்கப் போனப்ப ஒரு வீட்டுல சாரா டோர்த்தினு ஒரு பொண்ணு ஆட்டோஹார்ப் வாசிச்சு பாடிக்கிட்டு இருந்ததைக் கேட்டாருன்னு சொல்றாங்க, 1915ல ரெண்டு பேருக்கும் கல்யாணம். ஆட்டோஹார்ப் பாக்காதவங்களுக்கு சொல்றேன், மடியில இல்ல நெஞ்சோட அணைச்சு வச்சுக்கற ஒரு பெட்டி, நெறைய கம்பி, மேல வரிசையா பட்டன், பட்டனை அமுக்குனா வேண்டாத கம்பியெல்லாம் அடங்கிப்போய் அந்த கார்டுக்கு, அதாவது சேந்து ஒலிக்கற சுரக்கூட்டுக்கு, வேண்டியது மட்டும் ஒலிக்கும். சாராவுக்கு மொறையில தங்கச்சி ஆகணும் மேபெல், அந்தப் பொண்ணு ஏ.பி.யோட தம்பி எஸ்ராவைக் கட்டிக்கிட்டு அதே பள்ளத்தாக்குக்கு வந்துச்சு. இந்த மூணு பேருதான் கார்ட்டர் ஃபேமிலி.

1927 ஆகஸ்ட் மாசம் நடந்ததுதான் இவங்க வாழ்க்கையைத் திருப்புனது. விக்டர்ங்கற ரெக்கார்டு கம்பெனிக்காக ரால்ஃப் பியர்னு ஒருத்தரு பிரிஸ்டலுக்கு ரெக்கார்டிங் மெஷினோட வந்து, ஸ்டேட் ஸ்ட்ரீட்ல தொப்பிக் கம்பெனி ஒண்ணோட கட்டடத்துல போர்வையெல்லாம் தொங்கவிட்டு ஸ்டூடியோ மாதிரி செஞ்சு, பாடத் தெரிஞ்சவங்க வாங்கன்னு கூப்பிட்டாரு. பாட்டுக்கு 50 டாலர். அந்தக் காலத்துல இந்த மலைப்பக்கம் 50 டாலரைக் கண்ணுல பாக்கறதே பெரிய விஷயம். ஏ.பி. தம்பியோட காரை இரவல் வாங்கிக்கிட்டு கெளம்புறாரு. கார்ல யாரு யாரு இருந்தாங்கன்னு பாருங்க, சாரா, கைல பால்குடி மறக்காத ஏழு மாசம் எட்டு மாசம் கூட ஆகாத பையன் ஜோ, அவனைப் பாத்துக்க எட்டு வயசு அக்கா கிளாடிஸ், அப்புறம் பதினெட்டு வயசு மேபெல், அந்தப் பொண்ணுக்கு பிரசவத்துக்கு ஒரு மாசம் கொஞ்சந்தான் பாக்கி, வயித்தைத் தள்ளிக்கிட்டு கிடாரும் கையுமா வந்துச்சு. தார் ரோடு கெடையாது, ஆத்துல எறங்கி காரை ஓட்டிக் கடக்கணும், டயர் வேற பஞ்சர். நாங்க ஏசி போட்டுக்கிட்டு அரை மணி நேரத்துல வந்த தூரத்துக்கு அவங்களுக்கு நாள் முழுக்க ஆயிருக்கு. ஆகஸ்ட் 1, 2 ரெண்டு நாள்ல ஆறு பாட்டு பாடிட்டு வந்தாங்க. அந்த ரெண்டு வாரத்துல பியர் மொத்தம் 19 குழுக்கள் பாடுன 76 பாட்டைப் பதிவு பண்ணாரு, ரெண்டு நாள் கழிச்சு ஆகஸ்ட் 4ல அதே எடத்துல வந்து பாடுனவருதான் பின்னால கன்ட்ரி மியூசிக்கோட அப்பான்னு பேர் வாங்குன ஜிம்மி ராட்ஜர்ஸ். அதனாலதான் பிரிஸ்டலை கன்ட்ரி மியூசிக் பொறந்த ஊருன்னு சொல்றாங்க.

அடுத்தது கடை. 1943ல குழு கலைஞ்சதுக்கு அப்புறம் ஏ.பி. ஊருக்கே திரும்பி வந்து நடத்துன மளிகைக்கடை இது, இப்ப அதுதான் மியூசியம். மரப்பலகைத் தரை, சின்ன எடந்தான், கண்ணாடிப் பெட்டிகள்ல பழைய 78 ஆர்பிஎம் ரெக்கார்டு, போட்டோ, மேடையில போட்ட டிரெஸ், கையால எழுதுன கடுதாசி, வாத்தியங்கள்னு நெருக்கி அடுக்கி வச்சிருக்காங்க. பெரிய மியூசியம் மாதிரி டச் ஸ்க்ரீன், ஹெட்போன் எல்லாம் எதிர்பாக்காதீங்க. எனக்கு அப்படி இருக்கறதுதான் புடிச்சிருந்துச்சு, ஒரு வீட்டு பீரோவைத் தொறந்து இது பாட்டியோடது இது தாத்தாவோடதுன்னு எடுத்துக் காட்டற மாதிரி இருக்கு. மேபெல் வாசிச்ச பெரிய கிப்சன் கிடார், 1928ல 275 டாலர் குடுத்து வாங்குனது, அதைத் தேடாதீங்க, அது நாஷ்வில்ல, பெரிய கலைஞர்களை கௌரவிக்கற கன்ட்ரி மியூசிக் ஹால் ஆஃப் ஃபேம் மியூசியத்துல இருக்கு.

அந்த மேபெல் கிடாரைப் பத்தி ஒரு வார்த்தை. அதுவரைக்கும் இந்த மாதிரி மலைநாட்டுப் பாட்டுல கிடார்னா பெரும்பாலும் பின்னாடி தாளத்துக்கு ஜங் ஜங்னு தட்டறதுக்குத்தான். இந்தப் பொண்ணு கட்டைவிரலால தடிச்ச கம்பியில பாட்டோட மெட்டையே வாசிச்சு, அதே கையோட மத்த விரலால மெல்லிசு கம்பியைக் கோதி தாளத்தையும் போட்டுச்சு, ஒரே ஆளு ரெண்டு ஆளு மாதிரி. இன்னைக்கு வரைக்கும் அதுக்குப் பேரு கார்ட்டர் ஸ்க்ராட்ச், கன்ட்ரி கிடார் கத்துக்கற நெறைய பேரு இந்த வழியாத்தான் போறாங்க. கச்சேரி அன்னைக்கு மேடையில ஒருத்தர் அதே மாதிரி வாசிச்சாரு, நாங்க மூணாவது வரிசை, அவரு கட்டைவிரல் மட்டும் தனியா ஒரு வேலை பாக்கறது தெளிவாத் தெரிஞ்சுது, என் பொண்ணு தொடையில அதே மாதிரி விரலை வச்சு அடிச்சுப் பாத்துக்கிட்டே இருந்தா.

இன்னொரு பேரை இங்க சொல்லியே ஆகணும், லெஸ்லி ரிடில். இவரு கருப்பின கிடார் கலைஞர், பக்கத்து கிங்ஸ்போர்ட்ல இருந்தவரு, சிமெண்ட் ஆலை விபத்துல ஒரு காலை இழந்தவரு. 1928 வாக்குல ஏ.பி.க்கு இவரு பழக்கம் ஆச்சு. ஏ.பி. மலை மலையா வீடு வீடா போயி பழைய பாட்டு யாருக்குத் தெரியும்னு கேட்டு சேகரிச்சவரு, ஆனா அவருக்கு வரி எழுதிக்கத்தான் முடியும், மெட்டு மனசுல நிக்காது. கூடவே போயி மெட்டை ஒருதடவை கேட்டு மனசுல வாங்கிக்கிட்டு வந்து அப்படியே வாசிச்சுக் காட்டுனது ரிடில். மேபெலும் அவரு கிட்ட கிடார் வாசிக்கற முறையைக் கத்துக்கிட்டாங்க. தோல் நிறம் பாத்து தனித்தனியா உக்கார வச்ச காலத்துல ஏ.பி.யும் ரிடிலும் சேந்து பிரயாணம் பண்ணியிருக்காங்க. ஆனா ரெக்கார்டு மேல, காபிரைட் பேப்பர்ல இருந்ததெல்லாம் ஏ.பி. கார்ட்டர் பேருதான், ஊர் ஊரா கெழவிங்க கிட்ட கேட்டு வாங்குன பாட்டுக்கும் அதே பேருதான். அந்தக் காலத்துல எல்லாரும் அப்படித்தான் செஞ்சாங்கன்னு சொல்லலாம், எனக்கு அந்த சமாதானம் போதல. இந்த வீட்டைப் பாக்க வர்ற ஒவ்வொருத்தரும் ரிடில் பேரையும் மனசுல வச்சுக்கிட்டு வரணும்னு ஆசைப்படறேன்.

குடும்பக் கதையும் லேசுப்பட்டது இல்ல. பாட்டு தேடறேன்னு வாரக்கணக்கா ஏ.பி. வீட்டுல இல்லாம போக, சாராவைப் பாத்துக்க, வண்டி ஓட்டி ஒத்தாசை பண்ணன்னு வந்தவரு ஏ.பி.யோட சொந்தக்காரரு கோய் பேஸ். மனசு அந்தப் பக்கம் போயிடுச்சு. சாரா பிரிஞ்சு போயி, விவாகரத்தும் ஆயி, அதுக்கு அப்புறமும் மூணு பேரும் ஒண்ணா நின்னு ரெக்கார்டு பண்ணியிருக்காங்க, டெக்சாஸ் எல்லையில மெக்சிகோ பக்கம் இருந்த ரேடியோ ஸ்டேஷன்ல வருஷக்கணக்கா பாடியிருக்காங்க. 1939ல சாரா கோயைக் கட்டிக்கிட்டாங்க, அப்புறம் கலிஃபோர்னியா போயிட்டாங்க. ஏ.பி. திரும்ப யாரையும் கட்டிக்கல, இந்தப் பள்ளத்தாக்குல இந்தக் கடையிலயே உக்காந்துட்டாரு. அவரு 1960ல செத்தப்ப இவ்வளவு பெரிய ஆளுன்னு வெளியில யாருக்கும் பெருசா ஞாபகம் இல்ல, ஹால் ஆஃப் ஃபேம்ல சேத்தது 1970ல. கடையில நிக்கும்போது கல்லாப்பெட்டி பக்கம் சாயங்கால வெயில் ஜன்னல் வழியா சாஞ்சு விழுந்துக்கிட்டு இருந்துச்சு, அந்த மனுஷன் இங்க உக்காந்து ரோட்டைப் பாத்துக்கிட்டே இருந்திருப்பாருன்னு நெனச்சதும் எனக்குத் தொண்டையை அடைச்சுடுச்சு.

இப்ப இருக்கறதெல்லாம் அவரு பொண்ணு ஜேனட் செஞ்சது. அப்பா சாகறதுக்கு முன்னாடி இந்தப் பாட்டை விட்டுடாதன்னு கேக்க, சரின்னு வாக்குக் குடுத்த பொண்ணு. 1927ல பிரிஸ்டலுக்குக் கெளம்புனப்ப வீட்டுலயே விட்டுட்டுப் போன நாலு வயசுக் குழந்தை இவங்கதான். பள்ளிக்கூடத்துல சமையல் வேலை பாத்துக்கிட்டு இருந்தவங்க, 1974ல அப்பாவோட கடையையே கூட்டிப் பெருக்கி சனிக்கிழமை கச்சேரி ஆரம்பிச்சாங்க, கூட்டம் கடையில கொள்ளாம வெளிய நிக்க ஆரம்பிச்சதும் 1976ல பக்கத்துலயே மலைச்சரிவுல இந்த ஃபோல்ட் கொட்டகையைக் கட்டினாங்க. முன்னாடி நின்னு கட்டினது தம்பி ஜோ, அன்னைக்கு பிரிஸ்டல்ல பாலுக்கு அழுத அதே கைக்குழந்தை. ஜோ 2005லயும் ஜேனட் 2006லயும் காலமாயிட்டாங்க, ஆனா குடும்பம் விடல, இன்னைக்கும் அடுத்த தலைமுறைதான் நடத்துது.

கொட்டகைக்குள்ள போனா சரிவுல படிப்படியா எறங்குது, எண்ணூறு பேருக்கு மேல உக்காரலாம். ஜேனட் போட்ட சட்டம் ரெண்டு, சாராயம் பீர் எதுவும் உள்ள வரக்கூடாது, மேடையில கரண்டுல ஓடற வாத்தியம் கூடாது. பேஸ்னு சொல்ற கனமான ஒலி வாத்தியங்கூட நின்னுக்கிட்டு வாசிக்கற பெரிய மர பேஸ்தான். இந்த ரெண்டாவது சட்டத்துக்கு விலக்கு குடுத்தது பெரிய கன்ட்ரி பாடகர் ஜானி கேஷுக்கு மட்டும்னு சொல்றாங்க, அவரு மேபெலோட பொண்ணு ஜூனைக் கட்டின மாப்ள. 2003 மே மாசம் ஜூன் இறந்துட்டாங்க, ஜூலை 5ந்தேதி ஜானி கேஷ் இங்க வந்து பாடுனாரு, அதுக்கு அப்புறம் எந்த மேடையிலயும் அவரு பாடல, செப்டம்பர்ல போயிட்டாரு. உலகமே கொண்டாடுன மனுஷன் கடைசியா பாடுனது இந்த தகரக் கூரைக்குக் கீழ, மாமியார் ஊருல.

மேடைக்கு முன்னாடி ஆடறதுக்குன்னு எடம் விட்டிருக்காங்க, என்னைக் கேட்டா டிக்கெட் காசு இதுக்கே போதும். எங்களுக்குப் பக்கத்துல ஒரு பெரியவரு, எண்பது இருக்கும், ஜிப் வச்ச ஒரு துணிப்பை மடியில வச்சுக்கிட்டு உக்காந்திருந்தாரு. மொதல் பாட்டு ஆரம்பிச்சதும் பையைத் தொறந்து அடியில இரும்புத் தகடு அடிச்ச ஒரு ஜோடி ஷூவை எடுத்தாரு, போட்டிருந்ததைக் கழட்டி ஒழுங்கா சீட்டுக்கு அடியில வச்சாரு, கயிறை ரெண்டு முடிச்சா இறுக்கிக் கட்டினாரு, கொஞ்சம் கை நடுங்குது, மெதுவா படியெறங்கிப் போனாரு. போயி நின்னதும் வேற ஆளு. இடுப்புக்கு மேல அசைவே இல்ல, கை சும்மா தொங்குது, பாதம் மட்டும் தரையில பொரி பொரியற மாதிரி தடதடதடன்னு. இதுக்கு ஃப்ளாட்ஃபுட்னு பேரு, தரையை விட்டு காலை ரொம்பத் தூக்காம ஆடற மலைநாட்டு ஆட்டம். அஞ்சு வயசு பசங்க, காலேஜ் பொண்ணுங்க, பாட்டிங்க எல்லாரும் அவரைச் சுத்தி. என் பொண்ணைப் பாத்து வாம்மான்னு கையால கூப்பிட்டாரு, அவ என் மூஞ்சியைப் பாத்தா, போடான்னேன், ரெண்டு மணி நேரம் திரும்பி சீட்டுக்கே வரல. அங்க எங்களைத் தவிர நம்ம ஊர் மூஞ்சி ஒண்ணுகூட இல்ல, கெளம்பும்போது எனக்கு உள்ளுக்குள்ள கொஞ்சம் தயக்கம் இருந்தது உண்மை. ஆனா டிக்கெட் குடுத்த அம்மா ஹனின்னு கூப்பிட்டு எங்கருந்து வர்றீங்கன்னு கேட்டு, நல்லா தெரியற எடமா பாத்து உக்காருங்கன்னு கையைக் காட்டுன விதத்துலயே அது போயிடுச்சு.

சாப்பாடு உள்ளயே விக்கறாங்க, விலை ரொம்பக் கம்மி, வீட்டுச் சமையல் மாதிரி சூப் பீன்ஸ், கார்ன்பிரெட், ஹாட் டாக், கேக்கு. சைவக்காரங்க கவனிங்க, இந்தப் பக்கம் பீன்ஸை பன்னிக்கறி எலும்பு போட்டு வேகவைக்கறது வழக்கம், கேட்டுட்டு வாங்குங்க. கார்ன்பிரெட்டும் கேக்கும் எங்க வீட்டுல மூணு ரவுண்டு ஓடுச்சு. கையில கேஷ் வச்சுக்கங்க. ராத்திரி தங்கறதுக்கு பிரிஸ்டலோ கிங்ஸ்போர்ட்டோதான் வசதி, பள்ளத்தாக்குல ஒண்ணும் இல்ல.

பிரிஸ்டல்ல தங்கினா ஞாயித்துக்கிழமை காலையில ஸ்டேட் ஸ்ட்ரீட்ல ஒரு நடை போங்க, ரோட்டுக்கு நடுவுல மாநில எல்லை ஓடுது, ஒரு பக்க நடைபாதை வர்ஜீனியா, எதுத்த பக்கம் டென்னசி. அந்தத் தொப்பிக் கம்பெனி கட்டடம் இப்ப இல்ல. ஆனா 2014ல தொறந்த பர்த்பிளேஸ் ஆஃப் கன்ட்ரி மியூசிக் மியூசியம் இருக்கு, நல்லா விவரமா வச்சிருக்காங்க, என்னோட கருத்து, இதை மொதல்ல பாத்துட்டு அப்புறம் ஃபோல்டுக்குப் போனா இன்னும் நல்லா மனசுல ஏறும், நாங்க தலைகீழா பாத்துட்டோம்.

இன்னொண்ணு, சனிக்கிழமை வெளிச்சம் இருக்கும்போதே மவுண்ட் வெர்னான் மெத்தடிஸ்ட் சர்ச் கல்லறைத் தோட்டத்துக்குப் போயிட்டு வந்துடுங்க, அதே ரோட்டுல பக்கத்துலதான். ஏ.பி. கல்லறை அங்க இருக்கு. சாரா 1979ல கலிஃபோர்னியால இறந்தாங்க, அவங்களையும் இங்கதான் கொண்டு வந்து வச்சாங்க. ரெண்டு கல்லும் ஒரே மாதிரி, ரெண்டுலயும் வட்டமா ஒரு ரெக்கார்டு பதிச்சிருக்கு, பக்கத்து பக்கத்துல இல்ல, கொஞ்சம் தள்ளித் தள்ளி. நாங்க போனப்ப ஏ.பி. கல்லு மேல யாரோ ஒரு கிடார் பிக்கை, கம்பியை மீட்டற சின்ன வில்லையை, வச்சிட்டுப் போயிருந்தாங்க, என் பொண்ணு அதைத் தொடாம குனிஞ்சு பாத்துட்டு, அந்தம்மா கல்லு மேல ஒண்ணும் இல்லையேன்னு தலையில இருந்த ரிப்பனைக் கழட்டி அங்க வச்சிட்டு வந்தா.

வருஷா வருஷம் ஆகஸ்ட் மொதல் வார இறுதியில ரெண்டு நாள் திருவிழா நடத்தறாங்க, பிரிஸ்டல்ல அந்த ஆறு பாட்டைப் பாடுன தேதியை ஒட்டி. அடுத்த ஆகஸ்டுக்கு ரூம் போட்டாச்சு, பொண்ணு இரும்புத் தகடு ஷூ கேட்டிருக்கா.